கடைசி ஐம்பது பேர்

டொக்டர் தாஸிமுக்கு ஐம்பத்திரண்டு வயது. கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் கழுத்தில் கழலை என்றால் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். பத்தொன்பது வருடங்களில் எத்தனை தைரொயிட் எடுத்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் தன் கையில் ஒருவருக்கும் குரல் போனதில்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்திருந்தார்.

தைரொயிட் எடுக்கும் எந்த டொக்டருக்கும் அதுதான் பெரிய பயம். சுரப்பிக்குப் பின்னால், இரண்டு பக்கமும், தையல் நூல் தடிப்பில் ஒரு நரம்பு குரல்வளைக்கு ஏறிப் போகிறது. அது அறுபடக்கூட வேண்டாம். கொஞ்சம் இழுபட்டாலே, சூடு பட்டாலே, அந்தப் பக்கத்துக் குரல்நாண் அசையாமல் நின்றுவிடலாம். தாஸிம் அந்த நரம்பைக் கண்ணால் கண்டு, அதற்குப் பிறகே கத்தியை நகர்த்துவார். "நரம்பைப் பார்த்தவனுக்குப் பயமில்லை" என்று பயிற்சிக்கு வரும் இளம் டொக்டர்களிடம் சொல்வதும் உண்டு.

அந்த வருடம் அவருடைய தொடர் கல்விப் புள்ளிகள் குறைவாக இருந்தன. பேராதனையில் தைரொயிட், பரதைரொயிட் சத்திரசிகிச்சை செய்யும் நிபுணர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடக்கப்போவதாக அறிவித்தல் வந்தது. வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம். இரண்டு நாள் உட்கார்ந்து எழும்பினால் புள்ளி சேர்ந்துவிடும் என்று பெயரைப் பதிந்தார்.

அடுத்த வாரம் ஈமெயிலில் ஒரு படிவம் வந்தது. வகுப்புக்கு வருமுன் ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்துவிட்டு வரவேண்டும். கடைசியாக தைரொயிட் எடுத்த ஐம்பது பேரைத் திரும்ப அழைத்து, குரல்நாண்கள் அசைகின்றனவா என்று பார்ப்பிக்க வேண்டும். இரத்தத்தில் கல்சியம் எவ்வளவு என்றும் எழுத வேண்டும். குறைந்தது நாற்பது பேராவது இருக்க வேண்டும்.

தாஸிம் சிரித்துக்கொண்டே கிளினிக் தாதி நுஸ்ஹாவைக் கூப்பிட்டார். நுஸ்ஹா ஒன்பது வருடமாக அவருடைய கிளினிக்கை நடத்துபவர்.

"நுஸ்ஹா, கடைசி ஐம்பது பேருட கிளினிக் கொப்பியையும் எடுத்து வைங்க. ஒரு பின்னேரம் இருந்து நிரப்பினா முடிஞ்சிடும்."

நுஸ்ஹா படிவத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"கொப்பியப் பார்த்து நிரப்ப ஏலா சேர். இங்க ஒரு கட்டம் ஈக்கிது. குரல்நாணைப் பார்த்தது யாரு, எந்தத் திகதிண்டு கேட்டிருக்காங்க. சத்திரசிகிச்சை செஞ்சவரே பார்க்கக் கூடாதாம்."

"நான்தானே எல்லாரையும் கிளினிக்கில பார்த்தேன்."

"நீங்க ஆளத்தான் பார்த்தீங்க சேர். தொண்டைக்குள்ள ஒருத்தரும் பார்க்கல்ல."

தாஸிம் படிவத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். நுஸ்ஹா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை என்பதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

காது மூக்குத் தொண்டை நிபுணர் சிவகௌரி அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தாஸிமைவிட ஐந்து வயது இளையவர், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். விஷயத்தைக் கேட்டதும் தலையாட்டினார்.

"ஓம், சனிக்கிழமைகளிலை செய்து தாறன். ஆனா நீங்கள் என்ரை அறையிலை நிக்கக்கூடாது, தாஸிம். நீங்கள் நிண்டா எல்லாரும் 'நல்லாயிருக்கு' எண்டுதான் சொல்லுவினம்."

மூன்று சனிக்கிழமைகள் ஆட்கள் வந்தார்கள். கம்பளையிலிருந்து கடைக்காரர், அக்குறணையிலிருந்து தாயும் மகளுமாக இரண்டு பேர், கலஹாப் பக்கமிருந்து தோட்டத்துப் பெண்கள். நுஸ்ஹா ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டுக் காரணத்தை விளங்கப்படுத்தியிருந்தார். சிவகௌரி மூக்கு வழியாக மெல்லிய கமரா ஒன்றை இறக்கி, "ஈ சொல்லுங்கோ" என்பார். திரையில் இரண்டு வெள்ளை நாண்கள் கதவு போலத் திறந்து மூடும்.

நாற்பத்து மூன்று பேர் பார்க்கப்பட்டார்கள். நாற்பது பேருக்கு ஒரு குறையும் இல்லை. கை விறைக்கிறது என்ற ஒருவருக்குக் கல்சியம் குறைவாக இருந்தது. தைரொயிட்டின் பின்னால் ஒட்டியிருந்து கல்சியத்தைக் கட்டுப்படுத்தும் பயறளவிலான பரதைரொயிட் சுரப்பிகள் சரியாக வேலை செய்யவில்லை; அவருக்கு மாத்திரை தொடங்கினார்கள். மற்ற இருவருக்கு ஒரு பக்க நாண் அசையவில்லை.

தாஸிம் அந்த இரண்டு படங்களையும் சிவகௌரியின் கணினியில் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் என்னோட நல்லாத்தானே கதைச்சாங்க."

"மற்ற நாண் நடுவைத் தாண்டி வந்து ஈடு குடுக்குது. அவைக்கே தெரியாது" என்றார் சிவகௌரி. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

படிவத்துக்கு நாற்பது போதும். மீதி ஏழு பேரில் இரண்டு பேர் வேறு நோய் வருத்தங்களில் இறந்திருந்தார்கள், மூன்று பெண்கள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள், ஒருவரின் இலக்கம் பாவனையில் இல்லை. ஒருவர்தான் வரவில்லை. கஜலட்சுமி, முப்பத்தெட்டு வயது, கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டம். பதினான்கு மாதங்களுக்கு முன்னர் அவருடைய கழலையை தாஸிம் எடுத்திருந்தார். உள்ளே சிறிய புற்று இருந்தது, முழுதாக எடுபட்டிருந்தது.

"இவங்களுக்கு மூணு தடவ எடுத்தேன்" என்றார் நுஸ்ஹா. "புருஷன்தான் கதைக்கிறாரு. அவங்ககிட்டக் குடுங்கண்டு சொன்னா, குடுக்கிறாரு, ஆனா வெறும் காத்துச் சத்தம்தான் வருது. லைன் சரியில்லையாக்கும்ண்டு வச்சிட்டேன்."

தாஸிம் நிமிர்ந்து பார்த்தார். கொப்பியை எடுத்துத் தரச் சொன்னார். அறுவைக்குப் பின் ஏழாவது வாரத்தில் கஜலட்சுமி கிளினிக்குக்கு வந்திருந்தார். அந்தப் பக்கத்தில் தாஸிமின் சொந்தக் கையெழுத்தில் நான்கு சொற்கள் இருந்தன: காயம் ஆறிவிட்டது. குரல் நன்று.

அவரே இலக்கத்தைச் சுழற்றினார். கணவர் லெட்சுமணன் எடுத்தார். "சேரா! வணக்கம் சேர், இந்தா குடுக்கிறேன்." பிறகு அந்தக் காற்று வந்தது. இரண்டாவது மூச்சிலேயே தாஸிமுக்கு விளங்கிவிட்டது. லைனில் ஒரு கோளாறும் இருக்கவில்லை.

"சேர்..." என்றது காற்று. "நான்... பஸ்ல வர... ஏலாது... வேலை..."

"நீங்க வர வேணாம்மா" என்றார் தாஸிம். "நான் வாறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை நுஸ்ஹாவையும் ஏற்றிக்கொண்டு கலஹாப் பாதையில் போனார். படிவத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை நுஸ்ஹா சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசி வளைவில் லெட்சுமணன் தன் ஓட்டோவோடு காத்து நின்றார். காரை அங்கேயே விட்டுவிட்டு மூவரும் ஓட்டோவில் ஏறினார்கள்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவோடு சேர்த்துக் கட்டிய புது அறையில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் துடைத்துப் போட்டிருந்தன. கஜலட்சுமி பிளேன் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். மெலிந்திருந்தார். கழுத்துத் தழும்பு நன்றாக ஆறி, மெல்லிய கோடாகக் கிடந்தது. தாஸிம் அதைப் பார்த்துவிட்டுப் பார்வையை மாற்றிக்கொண்டார். தன் தேநீரைக் கஜலட்சுமி கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நாடியை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்து விழுங்கியதை நுஸ்ஹா கவனித்தார்.

"அப்பிடிக் குடிக்காட்டி பொரை ஏறுதா தங்கச்சி?"

கஜலட்சுமி தலையாட்டினார்.

விவரமெல்லாம் லெட்சுமணன் சொன்னார். மனைவி பதினொரு வருடம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தவர். தாய்மார் மலையில் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். ஒரே நேரத்தில் இருபது பிள்ளைகள். "இவ ஒரு அதட்டு அதட்டினா கீழ் லயம் வரைக்கும் கேக்கும் சேர்." அறுவைக்குப் பிறகு சத்தமே எழும்பவில்லை. டவுனில் ஒரு மருந்துக்கடையில் சளி என்று சொல்லிப் பாணி மருந்து கொடுத்தார்கள். ஒருநாள் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று வாசல் படலையைத் தள்ளிக்கொண்டு, மழைத்தண்ணீர் பாயும் கானை நோக்கி ஓடியது. கஜலட்சுமி கத்தினார். ஒன்றும் வெளியே வரவில்லை. வழியில் வந்த வேறொருவர் அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டார். அடுத்த நாளே கஜலட்சுமி வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"இப்ப பேராதனையில பூங்கன்று விக்கிற எடத்துல பையில மண்ணு ரொப்புற வேலை. அங்க யாரோடயும் பேசத் தேவையில்ல பாருங்க."

கஜலட்சுமி கையை உயர்த்திக் கணவரை நிறுத்தினார். தாஸிமைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்துக் கேட்டார்.

"நரம்ப... நீங்க... வெட்டிட்டீங்களா?"

ஒரு டொக்டராக இதற்குச் சொல்லக்கூடிய பதில்கள் அவரிடம் நிறைய இருந்தன. நூறு பேரில் ஒருவருக்கு அல்லது இருவருக்கு இப்படி ஆகும், சம்மதப் படிவத்தில் எழுதியிருந்தோம், புற்று இருந்ததால் கஷ்டமான கேஸ். எல்லாம் உண்மைதான். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தெரியாதும்மா. வெட்டினதா எனக்கு ஞாபகம் இல்ல. நரம்பப் பார்த்தேன், அது முழுசா இருந்திச்சு. ஆனா பார்வைக்கு முழுசா இருக்கிற நரம்பும் இழுபட்டா வேலை செய்யாம விடும். எப்பிடி நடந்திச்சுண்டு சொல்லத் தெரியல்ல. என்ட கையிலதான் நடந்திச்சு. அதுக்குப் பிறகு நீங்க வந்த நேரம் நான் கவனிக்கல்ல. அது என்ட பிழை."

 லெட்சுமணனுக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"விடுங்க சேர். நீங்க இல்லாட்டி புத்துநோயில போயிருப்பா. உசிரக் காப்பாத்திக் குடுத்தீங்க, எங்களுக்கு அது போதும்."

"போதாது" என்றார் கஜலட்சுமி.

காற்றில் கரைந்துபோகும் சத்தம்தான். ஆனாலும் லெட்சுமணன் வாயை மூடிக்கொண்டார். நுஸ்ஹா எழுந்து போய் கஜலட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். தாஸிம், "இல்லம்மா, போதாதுதான்" என்றார். பிறகு சிவகௌரியைப் பற்றிச் சொன்னார். நரம்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது, ஆனால் அசையாத நாணை நடுவுக்குத் தள்ளி வைக்கச் சிறிய சத்திரசிகிச்சை ஒன்று உண்டு, குரல் வரும், பழைய குரல் அப்படியே வரும் என்று வாக்குத் தர முடியாது என்றார். கஜலட்சுமி இரண்டு கேள்வி கேட்டார். தண்ணீர் குடிக்க முடியுமா? கழுத்தில் திரும்பவும் கத்தி வைப்பது நீங்களா? முதலாவதற்கு ஓம் என்றும், இரண்டாவதற்கு இல்லை என்றும் பதில் கிடைத்தது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

பயிற்சி அடுத்த வெள்ளியும் சனியும் நடந்தது. மண்டபத்தில் முப்பது பேர் அளவில் இருந்தார்கள், பாதிப் பேர் தாஸிமைவிட இளையவர்கள். முதல் நாள் காலையில் ஒவ்வொருவரும் தங்கள் ஐம்பது பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலர் வெறும் பூச்சியம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். எத்தனை பேருக்குக் கமரா வைத்துப் பார்த்தீர்கள் என்று பயிற்சியை நடத்தியவர் கேட்டபோது, ஆட்களைக் கூப்பிட நேரம் கிடைக்கவில்லை என்றார்கள்.

தாஸிமின் முறை வந்தது.  நாற்பத்து மூன்று பேர் பார்க்கப்பட்டார்கள், இருவருக்கு அசையவில்லை, அவர்களுக்கே தெரியாது என்றார். அங்கே நிறுத்தியிருக்கலாம். கமரா வைக்காத ஒருவரை எண்ணிக்கையில் சேர்க்கப் படிவத்தில் இடமில்லை.

"இன்னொருவர் இருக்கிறார்" என்றார். "அவருக்குத் தெரியும். பதினான்கு மாதமாகத் தெரியும். நான்தான் கேட்கவில்லை." கொப்பியில் தான் எழுதியிருந்த நான்கு சொற்களையும் வாசித்துக் காட்டினார். பிள்ளைக்காம்பராவையும், கானை நோக்கி ஓடிய பிள்ளையையும், கரண்டியால் தேநீர் குடிப்பதையும் சொன்னார். தேநீரைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய குரலே தடுமாறியது. உட்கார்ந்துகொண்டார்.

இடைவேளையில் வேறு மாகாணத்திலிருந்து வந்த இளம் டொக்டர் ஒருவர் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கும் ஒருத்தர் இருக்கார் சேர். அவருட நம்பர் என்னட்ட இருக்கு. நான் எடுக்கல்ல."

"எடுங்க" என்றார் தாஸிம்.

"என்ன சொல்றது?"

"முதல்ல கேளுங்க. மிச்சம் பிறகு வரும்."

இரண்டாம் நாள் நரம்புக் கண்காணிப்புக் கருவி. அறுவையின்போது நரம்பைத் தொட்டால் அது வேலை செய்கிறதா என்று ஒலியெழுப்பிக் காட்டும் கருவி. ஒரு பக்கத்தை எடுத்தபின் ஒலி நின்றுவிட்டால் மறுபக்கத்தைத் தொடாமல் நிறுத்திவிட வேண்டும் என்பது பாடம். மாதிரி உருவத்தில் அந்தக் கருவியின் சுவாசக் குழாயைப் பொருத்தும்போது தாஸிம் இரண்டு தடவை தலைகீழாக வைத்தார். பக்கத்திலிருந்த பெண் டொக்டர், அவருடைய மகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும், "மத்தப் பக்கம் சேர்" என்று திருத்தினார். மூன்றாவது தடவை ஒலி வந்தது. அவர் சின்னப்பிள்ளை போல இன்னொரு தடவை செய்து பார்த்தார்.

கஜலட்சுமியிடமிருந்து பத்து நாட்கள் ஒரு செய்தியும் இல்லை. பதினோராவது நாள் நுஸ்ஹாவின் போனுக்கு வட்சப்பில் ஒரு வரி வந்தது: "மிஸ், செய்வோம். ஆனா அந்த டொக்டரம்மாதான் செய்யணும்."

அந்தச் சத்திரசிகிச்சையில் நோயாளியை மயக்குவதில்லை. கழுத்து மட்டும் மரத்திருக்கும். குரல்வளையின் குருத்தெலும்பில் சிறிய சன்னல் வெட்டி, அதற்குள் ஆப்பு ஒன்றை வைத்து நாணை நடுவுக்குத் தள்ளுவார்கள். எவ்வளவு தள்ளுவது என்பதை நோயாளியின் குரலைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். தாஸிமும் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் நிற்கலாமா என்று சிவகௌரி முன்னரே கஜலட்சுமியிடம் கேட்டிருந்தார். நிற்கட்டும் என்று சம்மதம் வந்திருந்தது. தாஸிம் தலைமாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்தொன்பது வருடங்களில் தியேட்டருக்குள் அவர் சும்மா நின்றது அதுதான் முதல் தடவை.

"எண்ணுங்கோ அம்மா" என்றார் சிவகௌரி.

"ஒண்ணு... ரெண்டு..." காற்றுத்தான். சிவகௌரி பெரிய ஆப்பு ஒன்றை வைத்தார். "மூணு, நாலு" என்று குரல் நெரிபட்டு வந்தது. "இல்லை, இது இறுக்கமாக் கிடக்கு." எடுத்துவிட்டுச் சிறியதொன்றை வைத்து, கொஞ்சம் திருப்பினார்.

"அஞ்சு" என்றார் கஜலட்சுமி.

தியேட்டரில் எல்லோருக்கும் கேட்டது. கொஞ்சம் கரகரப்பான, தாழ்ந்த, முழுசான ஒரு குரல். கஜலட்சுமியே திடுக்கிட்டுப்போனது மேசையில் கிடந்த அவருடைய விரல்கள் விரிந்ததில் தெரிந்தது.

"அசையாதேங்கோ. நீளமா ஏதும் கதையுங்கோ பாப்பம்."

"என்னாத்தப் பேச?"

"விருப்பமானதை."

கஜலட்சுமி கொஞ்ச நேரம் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த சேரு நிக்கிறாரா?"

"ஓம், தலைமாட்டிலைதான் நிக்கிறார்."

"சேர், அன்னைக்கு கிளினிக்குல, எப்பிடி, நல்லா இருக்கீங்களான்னு கேட்டீங்க. எனக்குச் சத்தம் வரல்ல. பின்னால முப்பது பேரு நிக்கிறாங்க. தலைய ஆட்டினேன், நல்லா இல்லன்னு சொல்றதுக்கு முன்னால மூச்சு எடுத்துக்குவோம்ன்னு. நீங்க அடுத்த நம்பரக் கூப்பிட்டுட்டீங்க. பஸ்ஸுல போகக்குள்ள கலஹா வரைக்கும் உங்களத் திட்டிக்கிட்டே போனேன், மனசுக்குள்ள. ஒரு வார்த்த கூட வெளிய வரல்ல. அதுதான் ரொம்ப ஆத்திரம்."

"இப்பத் திட்டுங்கம்மா" என்றார் தாஸிம். முகக்கவசத்துக்குள் அவருடைய மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"இப்ப வேணாம். இப்ப சந்தோசமா இருக்கேன். இன்னொரு நாளைக்கு."

"நல்ல நீளம், இவ்வளவு காணும்" என்றார் சிவகௌரி, ஆப்பைப் பொருத்திக்கொண்டே.

குரல் வந்தது, ஆனால் பழையபடி அதட்ட முடியவில்லை. பின்னேரம் ஆனால் களைத்துத் தேய்ந்துவிடும். தண்ணீர் பொரை ஏறுவது நின்றது. பிள்ளைக்காம்பராவில் வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அதற்காகக் கஜலட்சுமி இரண்டு நாள் அழுததாக லெட்சுமணன் நுஸ்ஹாவிடம் சொன்னார். மூன்றாம் நாள் பூங்கன்றுக் கடை முதலாளியிடம் போய், மண் நிரப்புவதை வேறு ஆளுக்குக் கொடுக்கும்படியும், தான் முன்னுக்கு நின்று விற்பதாகவும் கேட்டாராம்.

ஆஸ்பத்திரியில் தைரொயிட் எடுக்க வரும் ஒவ்வொருவரும் இப்போது அறுவைக்கு முன்னும் பின்னும் மேல்மாடிக்குப் போய்வர வேண்டும். வரிசை நீண்டுவிட்டது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. சிவகௌரியும் சில சனிக்கிழமைகளில் குறை சொல்வார். கிளினிக்கில் தாஸிம் இப்போது நோயாளியைப் பத்துவரை எண்ணச் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுக்கிறார்.

அடுத்த வருடப் பயிற்சியில், சனிக்கிழமை, அரை மணி நேரம் பேச முடியுமா என்று அவரைக் கேட்டார்கள். கஜலட்சுமியின் கதையைச் சொல்லாமல் பேச அவரிடம் எதுவும் இருக்கவில்லை. ஒரு பகல் பூங்கன்றுக் கடைக்குப் போனார். கஜலட்சுமி ஒரு தம்பதிக்கு அந்தூரியம் எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்று சிங்களத்தில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை தாஸிம் காத்திருந்து, விஷயத்தைச் சொன்னார்.

"பேரு சொல்லுவீங்களா?"

"இல்ல, இல்ல. பேர் சொல்ல மாட்டேன். ஒரு பெண்மணிண்டுதான் சொல்லுவேன்."

கஜலட்சுமி யோசித்தார்.

"சொல்லுங்க சேர். ஒரு பொம்பளன்னா, யாரோன்னு நெனச்சிக்கிட்டு டீ குடிக்கப் போயிருவாங்க. கஜலட்சுமின்னு சொல்லுங்க. கலஹான்னும் சொல்லுங்க. போட்டோ மட்டும் வேணாம்."

"சரிம்மா. நீங்களும் வாறீங்களா?"

"சனிக்கிழமை கடையில சனம் கூடவா இருக்கும்" என்றார் கஜலட்சுமி. வெளியே யாரோ ரோசாச் செடி கேட்டுக் கூப்பிட்டார்கள். "இந்தா வாறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார்.